அடிக்கிற குணம் ரத்தத்துல வருதா? அந்த ஃபார்வேர்டு தப்பு

நம்ம கேரள எல்லை களியக்காவிளை பக்கத்து ஃபேமிலி குரூப் எல்லாத்துலயும் இப்ப ஒண்ணு சுத்திட்டு இருக்கு, "5 வயசு வரைக்கும் பெரியவங்க சண்டை பிள்ளைங்க மனசுல பதியாது, அடிக்கிற புத்தி ரத்தத்துல வர்றது, ஸ்டான்ஃபோர்டு நிரூபிச்சாச்சு"ன்னு. சித்தப்பா நீங்களும் அனுப்பியிருக்கீங்க.

அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில நடந்தது நேர் எதிர். 1961ல ஆல்பர்ட் பண்டூராங்கிற உளவியல் ஆராய்ச்சியாளர் குழு 72 பிள்ளைங்கள எடுத்தாங்க, வயசு 3லருந்து 6க்குள்ள, அதாவது இந்த ஃபார்வேர்டு பதியாதுன்னு சொல்ற அதே வயசு. 24 பேர் முன்னாடி ஒரு பெரியவர் காத்தடைச்ச போபோ பொம்மைய மரச்சுத்தியலால அடிச்சு, மேல ஏறி உக்காந்து, மூக்குல குத்துன்னு கத்துறார். இன்னொரு 24 பேர் சாந்தமா விளையாடுறவர பாத்தாங்க, மிச்சம் 24 பேர் யாரையும் பாக்கல. அப்புறம் பொம்மையோட விட்டா, அடிய பாத்த பிள்ளைங்கதான் அதே அடி, அதே வார்த்தை. 1963ல ஃபிலிம்ல காட்டியும் பாத்தாங்க, அதுலயும் அப்படியேதான்.

பரம்பரைக்கு பங்கே இல்லன்னு நான் சொல்லல, பாத்தவன் எல்லாம் ரவுடி ஆவான்னும் அந்த ஆராய்ச்சி சொல்லல, பாத்தது பதியும், திரும்ப வரும், அவ்வளவுதான்.

போன வாரம் அடுத்த வீட்டு சின்ன மோன், 4 வயசு, அகப்பையால பிளாஸ்டிக் ஸ்டூல போட்டு அடிச்சிட்டு "மாறுடா பட்டி"ங்கான், மலையாளத்துல தள்ளுடா நாயேன்னு அர்த்தம். அவன் அப்பா செக்போஸ்ட்ல வண்டி நெரிசலானா கத்துறது அதேதான், கைய ஓங்குறது உட்பட.