நடக்கச் சொல்வதற்கு முன்
நாற்பது வயதைத் தாண்டியவர்கள் உடல்நலத்துக்காக மாலையில் திருகோணமலை டச்சு விரிகுடாக் கரையில் நடக்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் பக்கத்து அக்காமார் கூலி வேலை முடித்து, உலை வைத்து நிமிரும்போது இருட்டிவிடுகிறது. விளக்கில்லாத ஒழுங்கை, முனையில் நாலைந்து கட்டாக்காலி நாய்கள். யார் இறங்கி நடப்பார்? கடற்கரைக்கு ஆட்டோவில் போய்வரக் காசும் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் கேட்பது வேக நடை போன்ற மிதமான உடற்பயிற்சி, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020இல் அது எடுத்துவிட்டது. ஐந்து நிமிட வேக நடையும் கணக்கில் சேரும். இதைத்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்!

மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் சனசமூக நிலைய முற்றத்திலேயே எல்லோரும் கால்மணி நேரம் நடக்கட்டும். துணையிருந்தால் கூச்சம் போய்விடும். ஒழுங்கைக்கு இரண்டு விளக்குகளை மட்டும் யாராவது போட்டுத் தாருங்கள்.