டப்பெட் சத்தத்துக்கு மண்ணெண்ணெய் மருந்தல்ல

"இன்ஜின் ஆயிலோடு அரை லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டினால் ஹைட்ராலிக் டப்பெட் சத்தம் நின்றுவிடும்" என்று கீழக்கரை, மண்டபம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. ஹைட்ராலிக் டப்பெட் என்பது ஆயில் பிரஷரால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொண்டு இன்ஜின் வால்வைத் திறக்க உதவும் சிறு பாகம். தயவுசெய்து ஊற்றாதீர்கள். ஆயில் நீர்த்து, பிரஷர் குறைந்து, பேரிங் தேயும். டப்பெட்டே அந்தப் பிரஷரை நம்பித்தான் வேலை செய்கிறது.

வெளிநாடு போனவர் வீட்டில் மாதக்கணக்கில் நின்ற கார், ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சநேரம் 'டக் டக்' என்றால் பயப்பட வேண்டாம். டப்பெட்டுக்குள் இருந்த ஆயில் வடிந்திருக்கும். சூடான பிறகும் சத்தம் நிற்காவிட்டால் முதலில் டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு, அடுத்து கேஜ் வைத்து ஆயில் பிரஷர் பாருங்கள். இரண்டும் சரியென்றால் மட்டும் டப்பெட்டைக் கழற்றுங்கள்.

புதிய டப்பெட்டை ஆயிலில் மூழ்கவைத்து, குமிழி வருவது நிற்கும்வரை அதன் பிளஞ்சரை (உள்ளே நகரும் தண்டை) அமுக்கி விடுங்கள். மாட்டியவுடன் செல்ஃப் அடிக்கவே கூடாது. அரைமணி நேரம் பொறுத்து, கிராங்கை (இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டை) கையால் மெதுவாக இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். அவசரப்பட்டால் வால்வு முழுதாக மூடாமல் பிஸ்டனில் இடிக்கக்கூடும்.