ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கட்டும் முன்

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு அக்கா போன் செய்தாள். "டேய், ஸ்டெம் செல் ஊசி போட்டா பையன் நடந்துடுவானாம். நாலு தடவை போடணுமாம். வளையலை வெச்சிடட்டுமா?" அன்றைக்கு அவளிடம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் பையனுக்கு டூஷென் தசைச்சிதைவு நோய். 4 வயதில் கெண்டைக்கால் உருண்டு திரண்டு இருக்கும். "பயில்வான் கால்டா உனக்கு" என்று அம்மா கொஞ்சுவார். ஆனால் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழும்போது முழங்காலில் கை ஊன்றி, அப்புறம் தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேல் தானே ஏறுவது போலத்தான் எழுவான். அதுதான் நோயின் அடையாளம் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போது 11 வயது. வீல் சேர்.

தசை நார் சுருங்கி விரியும்போது அதன் உறை கிழியாமல் காப்பது டிஸ்ட்ரோஃபின் என்கிற புரதம். இந்தப் பிள்ளைகளுக்கு அதை உண்டாக்கும் ஜீனில் கோளாறு. நார் கிழிந்துகொண்டே இருக்கும். கிழிந்ததைச் சரிசெய்ய ஒரு செல் இருக்கிறது. 1961ல் அலெக்சாண்டர் மவ்ரோ தவளையின் தசையை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, நாரை ஒட்டி ஒடுங்கிக் கிடந்த அதைக் கண்டு சாட்டிலைட் செல் என்று பெயர் வைத்தார். தசையின் ஸ்டெம் செல், அதாவது புது தசை செல்களைப் பிறப்பிக்கும் மூல செல், அதுதான்.

அந்த செல்லில் டிஸ்ட்ரோஃபினே கிடையாது, ஓயாமல் ரிப்பேர் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போகிறது என்றுதான் ரொம்ப நாள் நம்பினார்கள். கனடாவின் ஒட்டாவாவில் மைக்கேல் ரட்னிக்கி என்ற விஞ்ஞானியின் குழு 2015ல் அதைப் புரட்டிப் போட்டது. நோயில்லாத உடம்பில் இந்த செல்லிலும் டிஸ்ட்ரோஃபின் உண்டு. அது செல்லின் ஒரு பக்கமாகச் சேர்ந்து, எந்தப் பக்கம் எது என்று செல்லுக்குக் காட்டுகிறது. அதை வைத்துத்தான் செல் இரண்டாகப் பிரியும்போது ஒன்று ஸ்டெம் செல்லாகவே தங்குகிறது, மற்றது தசையாகும் வேலைக்குப் போகிறது. டிஸ்ட்ரோஃபின் இல்லாத எலிகளில் ஸ்டெம் செல்லுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் திசை தெரியாமல் பிரிவதால், வேலைக்குப் போக வேண்டியது போதுமான அளவு பிறப்பதில்லை.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தனை வருடமாக நார்தான் கிழிகிறது என்று நினைத்திருந்தேன். தைக்கிற கையிலும் அதே கோளாறு இருந்திருக்கிறது.

சரி, ஊசிக்கு வருவோம். பையனின் எலும்பு மஜ்ஜையிலிருந்தே செல் எடுத்து அவனுக்கே போடுவார்களாம். அவன் செல் என்றால் அதிலும் அதே ஜீன் கோளாறுதானே இருக்கும்? அதுவும் மஜ்ஜையில் எடுப்பது சாட்டிலைட் செல்லும் இல்லை. ஆரோக்கியமானவர்களின் தசையிலிருந்தே செல் எடுத்து 1990களில் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். போட்டதில் பெரும்பகுதி சில நாளிலேயே செத்துப்போனது. பிள்ளைகளுக்குப் பலம் கூடவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை தவிர, மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்க வேண்டும். ஆய்வு என்றால் எங்களிடம் எதற்குக் காசு? அக்காவிடம் ஊசி போடச் சொன்ன இடத்தின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் பிள்ளை படுத்துவிடுவானே என்ற பயத்தில் இருக்கும் தாயிடம் தவணை முறையில் பணம் கட்டலாம் என்று சொல்லும் மனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ரட்னிக்கியின் வேலை நிற்கவில்லை. வெளியிலிருந்து செல் போடாமல், உள்ளே இருக்கும் செல்லையே சரியாகப் பிரிய வைக்கும் மாத்திரைக்கு முயற்சி நடக்கிறது. அவர் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அதை மனிதர்களிடம் சோதிக்க ஆரம்பித்துவிட்டது. அது இன்னும் மருந்தாகவில்லை. என் நம்பிக்கை அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

மறுநாள் நானே அந்த இடத்துக்குப் போன் போட்டேன். "எந்த செல் போடுறீங்க? அதில் டிஸ்ட்ரோஃபின் இருக்குமா? ஆய்வாகப் பதிவு பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டேன். "நேர்ல வாங்க சார், டாக்டர் பேசுவார்" என்று மட்டும் பதில் வந்தது. நாங்கள் போகவில்லை.

வளையல் அக்கா கையில்தான் இருக்கிறது. காலையும் சாயங்காலமும் அவன் பாதத்தைப் பிடித்துக் குதிகாலை நீட்டிவிடும்போது அது சத்தம் போடும். ஸ்டீராய்டு மாத்திரையும் நேரத்துக்குக் கொடுக்கிறாள்.