அழித்து எழுதாத அளவீடு

பள்ளி அறிவியல் செயல்திட்டம் என்றதும் வண்ண அட்டைகளும் தெர்மாகோல் எரிமலையும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அந்த மாதிரிகளுக்குப் பின்னால் உழைப்பு இருக்கிறது. ஆனால் ஒரு மாணவரிடம் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் திறன், தான் கேட்ட கேள்விக்குத் தானே அளந்து விடை தேடும்போதுதான் உருவாகிறது என்பது என் உறுதியான கருத்து.

நூலில் கட்டித் தொங்கவிட்ட குண்டு முன்னும் பின்னும் ஆடும் தனி ஊசலை எடுத்துக்கொள்வோம். நூலின் நீளம் 25 செ.மீ. என்றால் குண்டு ஒருமுறை போய்வர ஏறத்தாழ 1 வினாடி ஆகும். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 வினாடி பிந்தினாலும், ஒரே ஓர் அலைவை அளந்தவருக்கு விடையில் ஐந்தில் ஒரு பங்கு பிழையாகிவிடும். 20 அலைவுகளைச் சேர்த்து அளந்து வகுத்தவருக்கோ அதே பிழை நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இதைத் தன் கையால் செய்து உணர்ந்தவர், பின்னாளில் எந்தப் புள்ளிவிவரத்தைக் கண்டாலும் அது எப்படி அளக்கப்பட்டது என்று கேட்காமல் விடமாட்டார். நீளத்தை 100 செ.மீ. ஆக்கும்போது நேரமும் நான்கு மடங்காகும் என்றுதான் பெரும்பாலோர் எதிர்பார்ப்பார்கள். ஆனால் 2 வினாடிதான் வரும். அத்துடன் குண்டையும் மாற்றியிருந்தால் நேரம் கூடியதற்குக் காரணம் நீளமா, எடையா என்று சொல்ல வழியே இருக்காது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் இந்த ஒழுங்கு, பழுதான கருவியைச் சரிபார்ப்பவருக்கும் கணினி நிரலில் பிழை தேடுபவருக்கும் அன்றாடம் கைகொடுக்கிறது.

எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது, எதிர்பாராத எண்ணை அழிக்காமல் விட்டுவைக்கும் நேர்மையை. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், வேதிப்பொருள்களிலிருந்து பெற்றதைவிடச் சுமார் அரை விழுக்காடு அடர்த்தி மிகுந்திருந்ததை பிரிட்டன் இயற்பியலாளர் ராலே பிரபு அளவுப் பிழையென்று ஒதுக்கிவிடவில்லை. அந்தச் சிறு வேறுபாட்டைத் தொடர்ந்து சென்றதால்தான் 1894-இல் அவரும் வேதியியலாளர் ராம்சேயும் காற்றில் கலந்திருந்த ஆர்கான் என்னும் வாயுவைக் கண்டறிந்தார்கள்.

இதனால்தான், பாடநூல் சொல்லும் எண் கிடைத்தால்தான் முழு மதிப்பெண் என்னும் வழக்கம் எனக்குக் கவலையளிக்கிறது. அது மாணவரை விடைக்கேற்ப அளவீட்டைத் திருத்தப் பழக்கிவிடும். பெற்றோரே செய்து கொடுக்கும் செயல்திட்டத்தில் இந்தப் பயிற்சிக்கு இடமே இல்லை. மதிப்பிடும் ஆசிரியர்கள் இறுதி அட்டையைப் பார்ப்பதற்கு முன், அடித்தல் திருத்தல்களோடு உள்ள குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். இதையே மறுபடியும் செய்வதாக இருந்தால் எதை மாற்றுவாய் என்று மாணவரிடம் கேட்டு, அந்தப் பதிலுக்கும் மதிப்பெண் தர வேண்டும்.