ஹென்றி டர்னரையும் எழுதுங்கள்
1870-இல் மிசிசிப்பியிலிருந்து அமெரிக்க செனட்டுக்குப் போன முதல் கறுப்பின உறுப்பினர், போதகர் ஹிரம் ரெவல்ஸ் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் அந்தக் காலத்தின் கொடுமை புரிய, ஜார்ஜியாவின் ஹென்றி மெக்நீல் டர்னரையும் படிக்க வேண்டும். அமெரிக்கக் கறுப்பினத்தவர் நிறுவிய ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையின் போதகர், அடிமை முறையை ஒட்டி வெடித்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படைப்பிரிவின் மதகுரு. 1868-இல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார்.

சில மாதங்களிலேயே அவரையும் மற்ற கறுப்பின உறுப்பினர்களையும் வெள்ளை உறுப்பினர்கள் வெளியேற்றினார்கள். சொன்ன காரணத்தைப் பாருங்கள்: அரசியலமைப்பு உங்களுக்கு ஓட்டுரிமை தந்தது, பதவி வகிக்கும் உரிமையைத் தரவில்லையாம்! டர்னரின் சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சியின் வெள்ளையர்களே பலர் அவர்களைக் கைவிட்டார்கள். என்னால் இன்றும் பொறுக்க முடியாதது அதுதான். செப்டம்பர் 3 அன்று அவையில் எழுந்த டர்னர், என் உரிமைக்காக யாரிடமும் கெஞ்ச மாட்டேன் என்று முழங்கினார். நான் மனிதனா இல்லையா என்று நேருக்கு நேர் கேட்டார். அதே மாதம் ஜார்ஜியாவின் கமில்லா என்ற ஊரில், தேர்தல் கூட்டத்துக்குப் போன கறுப்பின மக்களை வெள்ளையர்கள் சுட்டுக் கொன்றார்கள்.

1870-இல் மத்திய அரசு தலையிட்ட பிறகே பதவி திரும்பக் கிடைத்தது. பிற்காலத்தில் பிஷப்பான அவர், அமெரிக்காவில் நீதி கிடைக்காது, ஆப்பிரிக்காவுக்கே போய்விடுவோம் என்று பேசியதைப் பலர் குறை சொல்கிறார்கள். 1868-ஐ அனுபவித்தவர் வேறெப்படிப் பேசுவார்? கட்டுரையாளர் அடுத்து அவரைப் பற்றி விரிவாக எழுத வேண்டும்.