நாலரை ஏக்கர்

2018 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு பாட்டில் ஒயின் 5,58,000 டாலருக்கு ஏலம் போனது. பிரான்ஸின் ரொமானே கோன்டி என்ற தோட்டத்து ஒயின், 1945ஆம் வருட விளைச்சல். ஏலம் விட்டவர்களே 32,000 டாலர் என்றுதான் மதிப்பு போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து இந்தப் பேரை யார் எடுத்தாலும் பேச்சு விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடுகிறது. எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. 1945ல் அந்தத் தோட்டத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தால், விலை இரண்டாம் பட்சமாகிவிடும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பர்கண்டி பகுதியில் வோன் ரொமானே என்று ஒரு சின்னக் கிராமம். வீடுகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு தாழ்வான கல் சுவர், அதன்மேல் ஒரு கற்சிலுவை. போன இலையுதிர் காலத்தில் அங்கே போய் நின்றேன். வாசலும் கிடையாது, காவலாளியும் கிடையாது. பாதையிலேயே நின்று பாருங்கள், கொடிகளுக்குள் இறங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு பலகை மட்டும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு உயரத்தில் கொடிகள். கை நீட்டினால் இலையைத் தொட்டுவிடலாம். அடியில் பழுப்பு மண், நடுநடுவே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கல். மொத்தமே 1.81 ஹெக்டேர், அதாவது நாலரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. வருடத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் பாட்டில்தான் வரும்.

அதற்கு மேலே ஒட்டினாற்போல் லா ரொமானே என்ற தோட்டம், ஒரு பக்கம் ரிஷ்பூர், கூப்பிடு தூரத்தில் லா தாஷ். எல்லாவற்றிலும் அதே பினோ நுவார் திராட்சைதான். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி ருசி. சரிவில் மேலே போகப் போக மண் மெலிந்து பாறை தட்டும். கீழே இறங்கினால் மண் கனத்து ஈரம் தங்கும். நடுச்சரிவில்தான் தண்ணீரும் வடியும், வேரும் பாறை இடுக்கில் ஆழமாக இறங்கும். பல நூறு வருடங்களுக்கு முன்பே மடத்துத் துறவிகள் இந்த வித்தியாசத்தைக் கண்டு வைத்திருந்தார்கள். மழையில் அரித்துப் போன மண்ணை அந்தக் காலத்தில் கூடையில் சுமந்து மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பேணிய நிலத்தைத்தான் 2015ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோன்டி என்ற பெயர் 1760ல் இந்தத் துண்டை வாங்கிய இளவரசருடையது. பிரெஞ்சுப் புரட்சியின்போது அது அந்தக் குடும்பத்தின் கையைவிட்டுப் போனது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

சரி, 1945க்கு வருகிறேன். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு சாய்த்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மற்றவர்கள் தப்பித்தார்கள். ரொமானே கோன்டிக்காரர்கள் அதற்கு மனம் ஒப்பவில்லை. பழைய கொடியை வளைத்து மண்ணில் புதைத்து, பதியம் போட்டே அந்த வம்சத்தைக் காப்பாற்றி வந்தார்கள். பூச்சியை அடக்க கார்பன் டைசல்பைடு மருந்தை மண்ணுக்குள் செலுத்தினார்கள். அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. மருந்து கிடைக்கவில்லை, வேலைக்கு ஆளும் இல்லை. கொடிகள் ஓய்ந்துபோயின. 1945ல் வந்தது வெறும் 600 பாட்டில்.

அந்த அறுவடை முடிந்ததும் தோட்டம் முழுவதையும் பிடுங்கிவிட்டார்கள்! 1947ல் தங்களுடைய இன்னொரு தோட்டமான லா தாஷின் கொடிகளிலிருந்து குச்சி எடுத்து, ஒட்டுக்கட்டி, புதிதாக நட்டார்கள். 1946லிருந்து 1951 வரை ஆறு வருடம் ரொமானே கோன்டி என்ற பெயரில் ஒரு பாட்டில்கூடத் தயாராகவில்லை.

இந்தப் பண்ணையின் பெருமை எது என்று என்னிடம் கேட்டால், இதைத்தான் சொல்வேன். பெயர் இருக்கிறதே என்று, காய்த்தவரை காய்க்கட்டும் என விட்டிருக்கலாம். லா தாஷ் ஒயினையே பெயர் மாற்றி விற்கும் ஆசை யாருக்கும் வரலாம். அவர்கள் காத்திருந்தார்கள். இன்றும் பண்ணையில் அந்தப் பொறுமை தெரிகிறது. டிராக்டர் மண்ணை இறுக்கிவிடும் என்று குதிரை பூட்டி உழுகிறார்கள். எழுபதுகளிலிருந்து 2022 வரை பண்ணையை நடத்திய ஓபேர் த வில்லேன் நிலத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு விலையைப் பற்றிப் பேசியதில்லை.

விலையை மட்டும் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2010ல் ஒருவர் பத்து லட்சம் யூரோ கேட்டு, கொடுக்காவிட்டால் கொடிகளுக்கு விஷம் வைப்பேன் என்று மிரட்டினார். மிரட்டலுக்குச் சாட்சியாக இரண்டு கொடிகளுக்கு ஏற்கெனவே விஷம் வைத்துவிட்டிருந்தார். அமெரிக்காவில் ரூடி குர்னியவான் என்பவர் வீட்டுச் சமையலறையில் மலிவு ஒயின்களைக் கலந்து, இந்தப் பண்ணையின் லேபிளை ஒட்டி விற்றார். 2014ல் அவருக்குப் பத்து வருடச் சிறை. சட்டப்படி வாங்கி, குளிரூட்டிய கிடங்கில் போட்டு, விலை ஏறும்வரை பூட்டி வைப்பவர்களைக் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வருட மழையும் வெயிலும் அந்தச் சரிவும் உள்ளே அடைபட்டிருக்கிற பாட்டிலைத் தங்கக்கட்டி மாதிரி கை மாற்றிக்கொண்டே இருப்பது, அதை விளைவித்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்றே நினைக்கிறேன். ஒயின் குடிப்பதற்கு.

ரொமானே கோன்டியை நான் ருசித்ததில்லை. அன்று சாயங்காலம் அதே கிராமத்தில் ஒரு சிறு விவசாயியிடம் ஊர்ப் பெயரில் வரும் சாதாரண வோன் ரொமானே ஒரு பாட்டில் வாங்கினேன். ராத்திரி தங்கியிருந்த அறையில் நண்பனோடு திறந்தோம். முதலில் புளிப்புதான் தெரிந்தது. அரை மணி நேரம் கழித்து செர்ரிப் பழ வாசனை, அப்புறம் ஈர மண், கடைசியில் காய்ந்த ரோஜா இதழ். காலையில் கிளாஸைக் கழுவ எடுத்தபோது அடியில் ஒரு சொட்டு காய்ந்து கிடந்தது. அந்த ரோஜா வாசனை அதில் அப்படியே இருந்தது.