செத்த பறவையையும் எண்ணுவோம்

போன ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அடையாறு முகத்துவாரத்தில், உடைந்த பாலத்துப் பக்கம் ஆலாக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஈர மணலில் ஒரு பழுப்புத்தலைக் கடற்காகம் இறக்கை விரிந்து கிடந்தது. காலும் அலகும் இன்னும் சிவப்பு மாறவில்லை. கண்ணில் மணல். காயமில்லை, தூண்டில் நரம்பும் சுற்றவில்லை. ஒரு பையன் இறக்கையைப் பிடித்துத் தூக்கப் போனான். "தொடாதப்பா!" என்று கத்தியே விட்டேன். வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன், "நேத்தும் ஒண்ணு அந்தாண்ட கெடந்துச்சு சார், நாய் இழுத்துட்டுப் போச்சு" என்றார்.

அந்த முதல் பறவை எந்தக் கணக்கிலும் இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

இது பறவைக் காய்ச்சல் என்று நான் சொல்லவில்லை. பரிசோதிக்காமல் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் லடாக், திபெத் ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டுப் பனிக்காலத்துக்கு நம் கரைக்கு வரும் இனம் இது. 2005-இல் சீனாவின் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சலைக் கொடுக்கும் எச்5என்1 வைரஸ் புகுந்து 6,000-க்கும் மேற்பட்ட பறவைகள் செத்தன. வரித்தலை வாத்துகளோடு இந்தக் கடற்காகமும் அதில் உண்டு. வயிறு கலங்காதா?

உடனே "வெளிநாட்டுப் பறவைதான் நோயைக் கொண்டுவருது" என்று ஆரம்பிக்காதீர்கள், கோபம் வருகிறது. இந்த வைரஸின் மூதாதையை 1996-இல் சீனாவின் குவாங்டொங்கில் ஒரு பண்ணை வாத்தில்தான் கண்டுபிடித்தார்கள். பண்ணையிலிருந்துதான் அது காட்டுப் பறவைகளுக்குத் தாவியது. 2022-இல் ஸ்காட்லாந்தின் பாஸ் ராக் பாறையில் கேனெட் என்ற பெரிய வெள்ளைக் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. பிழைத்த சிலவற்றுக்கு வெளிர்நீல விழி கறுத்தே போனது. வருஷத்துக்கு ஒரே முட்டை இடும் பறவை அது. மறுபடி தலையெடுக்க எத்தனை வருஷமாகும்!

2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்களின் இறகில் அப்பிய கறுப்பை ஊரே பார்த்தது. நோய் அப்படிக் கண்ணில் படாது. இங்கே ஒன்று, கோவளத்தில் ஒன்று, பழவேற்காட்டில் ஒன்று என்று விழுந்தால், எழுதி வைத்துச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

அன்றே ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "ஒரு பறவைதானே சார், மண்ணைத் தள்ளி மூடிடுங்க" என்றார்கள். ஒன்றுதான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போகும் நண்பர்களே, செத்ததற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். இனம், இடம், நேரம், தள்ளி நின்று எடுத்த படம், அவ்வளவுதான். கை படக் கூடாது, நாயை விடக் கூடாது. கழுத்து முறுக்கித் தள்ளாடும் பறவையைப் பார்த்தால் கால்நடைத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். ஒரு முறை எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடுங்கள்.

வலைக்கார அண்ணனிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போதுதான் கூப்பிட்டார். பட்டினப்பாக்கம் பக்கம் இன்னொன்று கிடக்கிறதாம். கிளம்புகிறேன்.